வெண்ணாவல்முனைச் சங்கத்தின் ஏகமனதான தீர்மானம்

மட்டக்களப்பு மாவட்டத்தில் அப்படிப்பட்ட ஆண்கள் எவரும் இல்லை என்பதில் பணிப்பாளர் அழகரத்தினத்துக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை. அவர்களில் அறுபது பேரைக் கண்டுபிடித்துத் தருவதாகக் கொழும்புக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தவரும் அவர்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதும் இடிக்கிறதாக அவருக்குத் தோன்றவில்லை. அவர் ஓய்வுபெற்ற கல்வி உத்தியோகத்தர், அகில இலங்கை சமாதான நீதவான், ‘கீழைக்கரை மானிட மேம்பாட்டு மைய’த்தின் ஆயுட்காலப் பணிப்பாளர். சுனாமி வந்த நாளிலிருந்து அந்த மையம் இதைவிடக் கடினமானவற்றையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. சமாதானத் திட்டம் ஒன்றுக்காக, சண்டை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே வாகரையில் சமாதானத்தைக் கண்டுபிடித்துப் படமெடுத்து அனுப்பியது.

இப்போது 2009 ஆவணி. வன்னியில் எல்லாம் முடிந்து மூன்று மாதம். கிழக்கில் அதற்கு இரண்டு வருடம் முன்பே முடிந்துவிட்டபடியால், சுனாமிக்கு வந்த வெள்ளை வாகனங்கள் ஒவ்வொன்றாக வடக்குப் பக்கம் கிறுகிக்கொண்டிருந்தன. மையத்துக்குக் கிடைத்தது இந்த ஓர் ஆய்வு மட்டுமே: ‘ஆண்களோடு பாலுறவு கொள்ளும் ஆண்களிடையே பால்வினைத் தொற்றுகளுக்கான ஆபத்துக் காரணிகள்.’ அழகரத்தினம் அந்தக் கோப்பை மேசையில் வைக்கும்போதெல்லாம் தலைப்பின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டார். வாசலில் மாட்டிய பலகையில் ‘விசேட ஆண்கள் நலத் திட்டம்’ என்று எழுதுவித்தார்.

“உதயரூபன், இந்த வேலைக்கு நீர்தான் பொருத்தம்” என்றார்.

கள உத்தியோகத்தர் உதயரூபன் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான்.

“உம்மட மோட்டசைக்கிளுக்குத்தானே வாகரைப் பக்கம் போய்ப் பழக்கம்” என்று அவர் முடித்த பிறகுதான் முன்னே திரும்பினான்.

ஆய்வு தேடிக்கொண்டிருந்த அறுபது பேரில் ஒருவன் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். முப்பத்திரண்டு வயது. பதினேழு வயதிலிருந்தே அது அவனுக்குத் தெரியும். ஆனால் அவனைப் பதிய வழியில்லை. மையத்தின் ஊழியர் எவரும் மையத்தின் பயனாளியாக இருக்கக் கூடாது என்பது சுனாமிக் காலத்து விதி.

இந்த ஆய்வு வருவதற்குச் சில நாள் முன்புதான் உதயரூபன் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கிளினிக்குக்குப் போய் வந்திருந்தான். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புள்ளிகள். மோட்டார்சைக்கிள் எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு கிழமை தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்துவிட்டுத்தான் போனான். டொக்டர் ஸாலிஹா கையைத் திருப்பிப் பார்த்து, இரத்தம் எடுப்பித்து, சிபிலிஸ் என்றார். சளி, தடிமன் என்று சொல்லுகிற குரலில்தான் சொன்னார். ஊசி போட்ட பிறகு சிறிய துண்டு ஒன்றை நீட்டினார். அதில் ஓர் இலக்கம் மட்டும் இருந்தது.

“ஆரோட எண்டு நான் கேக்கல்ல. பேரும் வேணா. இத அவரிட்டக் குடுங்க. இதக் கொண்டு வந்தாக் காணும்.”

“அவர் வரமாட்டார் டொக்டர். கலியாணம் கட்டினவர்.”

“மனிசி?”

“ஏழு மாசம்.”

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். “வயித்துல தங்கின புதுசில அவட ரத்தத்தச் சோதிச்சிரிப்பாங்க. அதுல ஒண்டும் இரிந்திராது. அதுக்குப் பொறகு வந்திரிந்தா ஆருக்கும் தெரியாது. புள்ளைக்குப் போகும் தம்பி. செத்துப் பொறக்கலாம். பொறந்தாலும் கண்ணுக்குக் காதுக்கு ஆகாம இரிக்கலாம். கிழமைக்கு ஒண்டா மூண்டு ஊசி. பொறக்கிறதுக்கு ஒரு மாசத்துக்கு முன்னுக்கு எல்லாம் முடிஞ்சிரிக்கோணும். அவர் இந்த மாசத்துக்குள்ள வந்தாச் சரி.”

“வராட்டி?”

“வரப்பண்ணுங்க. நீங்க மேம்பாட்டு மையம்தானே?”

இந்த நோய் தனக்கு எங்கிருந்து வந்தது என்பது உதயரூபனுக்குத் தெரியும். சித்திரையில் கொழும்பு ஹோட்டல் ஒன்றில் நான்கு நாள் கருத்தரங்கு. அநுராதபுரத்து உத்தியோகத்தர் ஒருவர் பக்கத்து அறை. கருத்தரங்கின் பொருள், அனர்த்தத்துக்குப் பின்னரான நல்வாழ்வு.

கொடுக்கவேண்டிய ஆள் தங்கராசா. மாங்கேணிக்கு அப்பால், வாவி கடலைத் தொடுகிற இடத்தில் வெண்ணாவல்முனை என்று ஒரு மீன்பிடிக் கிராமம். அங்கே அவன் படகு எஞ்சின் திருத்துகிறவன். 2005இல் மையம் அந்த ஊருக்குப் பதினொரு எஞ்சின்களைக் கொடுத்தது. ஒவ்வொன்றும் பூட்டவேண்டிய தோணியைவிடப் பாரமானது. அவற்றைக் கழற்றத் தெரிந்தவன் தங்கராசா ஒருவன்தான் என்பதால், உதயரூபன் அவனிடம் அடிக்கடி போகவேண்டியிருந்தது. எஞ்சின்கள் பழுதுபட்டு இரும்புக்குப் போன பிறகும் போய்க்கொண்டிருந்தான். இடையில் சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, திரும்பி வந்தது. தங்கராசா பிரஷாந்தியைக் கலியாணம் கட்டினான். உதயரூபன் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தான். இருவரும் தங்களுக்குள் இருப்பதற்கு ஒரு பெயர் வைத்ததில்லை. கொழும்பு அதற்கு நான்கு சொல்லில் பெயர் வைத்து அனுப்பியிருந்தது.

எஞ்சின் கொட்டிலில் வேறு ஆளில்லாத மத்தியானமாகப் பார்த்துத் துண்டைக் கொடுத்தான்.

“என்ன இது?”

“ஆஸ்பத்திரித் துண்டு. பேர் கேக்க மாட்டாங்க.”

“பேர் கேக்காத ஆஸ்பத்திரி எங்க இரிக்கி? பேர் கேக்காம ஆமிச் சென்றியிலயே உட மாட்டானுகள்.”

“எனக்குச் சிபிலிஸ் வருத்தம் வந்திரிக்கி. உனக்கும் இரிக்கும். என்னாலதான் வந்திரிக்கி.”

தங்கராசா எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்தான். “எனக்கு ஒண்டும் இல்ல. ஆனி மாசம் ஒரு புண் வந்த. நோவும் இல்ல ஒண்டும் இல்ல. தேங்காயெண்ண பூசினன், தன்பாட்டுல போயிட்டு.”

“போகல்ல. உள்ளுக்கு இறங்கிட்டு.”

“நீ டொக்டரா?”

“டொக்டர் சொன்னதத்தான் சொல்றன். பிரஷாந்திக்கும் ஊசி போடோணும். புள்ளைக்குப் போகுமாம்.”

“இஞ்ச பாரு உதயன்.” தங்கராசா குரலைத் தாழ்த்தினான். “அந்த வருத்தம் வாற ஆக்கள் வேற. கொழும்புல இரிக்கானுகள், அவனுகளுக்கு வரும். நான் கலியாணம் கட்டின ஆள். அந்த வாசல்ல இந்த ஊரான் ஒருத்தன் என்னக் கண்டானெண்டா மறுகா நான் இஞ்ச இரிக்க ஏலுமா? அவள் இரிப்பாளா?”

“புள்ள?”

தங்கராசா துண்டை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த எஞ்சின் ஒன்றின் அடியில் ஆப்பாகச் செருகினான். எஞ்சின் ஆட்டம் நின்றது.

மையத்தில் பயிற்சிப்பட்டறை நடந்தது. மங்கல விளக்கேற்றி, மௌன அஞ்சலி செலுத்தி, மாலை போட்டு முடியப் பத்தரை மணி. பிரதம அதிதி இருபத்தைந்து நிமிடம் பேசினார். கண்ணகை அம்மனின் கற்புக்கு வருடாவருடம் குளிர்த்திச் சடங்குப் பாட்டுப் பாடுகிற இந்த மண்ணில் இப்படியானவை இல்லை, இருந்ததில்லை, இருக்கவும் விடமாட்டோம் என்று கூறி, ஆய்வு மாபெரும் வெற்றியடைய வாழ்த்தி அமர்ந்தார். அழகரத்தினம்தான் முதலில் கைதட்டினார்.

கொழும்பிலிருந்து வந்த நிபுணர் வினாக்கொத்தை விநியோகித்தார். அறுபத்துநான்கு கேள்விகள். ஏதோ ஒரு குளிர்நாட்டில் எழுதி, கொழும்பில் சிங்களமாக்கி, பிறகு தமிழாக்கியது. இருபத்திரண்டாவது கேள்வி, கடந்த முப்பது நாட்களில் நீராவிக் குளியலகத்துக்கு எத்தனை தடவை சென்றீர்கள் என்று விசாரித்தது.

“சேர், எங்கட பக்கம் அப்பிடி ஒண்டும் இல்ல” என்றான் உதயரூபன்.

“கேள்வியை நீக்க முடியாது. ஒன்பது நாடுகளோடு ஒப்பிட வேண்டும்.”

“அப்ப ஒரு கேள்வியச் சேக்க ஏலுமா சேர்? வருத்தம் எண்டு தெரிஞ்சும் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகல்ல எண்டு.”

நிபுணர் இரக்கத்தோடு சிரித்தார். “அது ஆபத்துக் காரணி அல்ல. அது சேவை நாடும் நடத்தை. அடுத்த கட்ட ஆய்வில் வரும்.”

“அடுத்த கட்டம் எப்ப சேர்?”

“இந்தக் கட்டத்தின் முடிவுகளைப் பொறுத்து.”

உதயரூபன் நாட்காட்டியைப் பார்த்தான். பிரஷாந்தியின் வயிறு கட்டம் கட்டமாக வளரவில்லை.

கடைசியாக அழகரத்தினம் நடைமுறை பற்றிப் பேசினார். சுனாமி வீட்டுத் திட்டத்தில் இல்லாத ஆட்களெல்லாம் பட்டியலில் ஏறி மையத்தின் மானம் போனது அவருக்கு மறக்கவில்லை. ஆகவே இம்முறை ஒவ்வொருவரும் அடையாள அட்டைப் பிரதி, குடும்ப அட்டைப் பிரதி, கிராம சேவகரின் கடிதம் மூன்றையும் கொண்டுவர வேண்டும்.

“சேர், பேர் வெளிய தெரியக்கூடாது எண்டு முதல் பக்கத்துல போட்டிருக்கே?”

“வெளிய ஏன் தெரியுது? பைல்லதானே இருக்கப்போகுது.”

வெண்ணாவல்முனையில் ஜீ.எஸ். எனப்படும் கிராம சேவகர் மனச்சாட்சி உள்ளவர். ‘மேற்படி நபர் எனது பிரிவில் நிரந்தரமாக வசிப்பவர் என்றும், மேற்படி வகையைச் சேர்ந்தவர் என அவரே கூறுகிறார் என்றும் உறுதிப்படுத்துகிறேன்’ என ஒரு மாதிரிக் கடிதம் தட்டெழுதி, அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டார். அது சட்டப்படி குற்றமான வகை என்பது அவருக்குத் தெரியாமலில்லை. குற்றத்துக்கு நிவாரணம் வருவது அந்தப் பக்கத்தில் புதிதுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை உதயரூபன் வினாக்கொத்துக் கட்டோடு வெண்ணாவல்முனைப் பொதுமண்டபத்துக்குப் போனபோது வாசல் வரை சனம். ஆண்கள் கையில் கடதாசி உறைகள், பக்கத்தில் மனைவிமார். மீனவர் சங்கத் தலைவர் கனகசிங்கம் வெள்ளைச் சேட்டுப் போட்டு முன்னால் நின்றார்.

“வாங்க தம்பி. சங்கம் கூடிக் கதைச்சிட்டம். தீர்மானம் ஏகமனதா நிறைவேறிட்டு.”

“என்ன தீர்மானம் அண்ணன்?”

“நாங்க எல்லாரும் அந்த வகதான்.”

“எந்த வக எண்டு தெரிஞ்சா சொல்றீங்க?”

“தெரியாம? ஆம்புளையோட ஆம்புள. ஜீ.எஸ். விளங்கப்படுத்தினவர். நாங்க என்ன பால்குடியா?”

இதை விளங்கிக்கொள்ள 2005க்குப் போகவேண்டும். முதலாவது படிவம் வந்தபோது ‘வீடு முழுமையாக அழிந்ததா?’ என்று கேட்டிருந்தார்கள். கனகசிங்கத்தின் வீட்டில் இரண்டு சுவர் மிச்சம். அவர் நேர்மையாக, இல்லை என்றார். ஓம் என்றவர்களுக்குக் கல்வீடு வந்தது. கனகசிங்கத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வந்தது. அன்றிலிருந்து எந்தப் படிவத்துக்கும் அந்த ஊர் இல்லை என்று சொன்னதில்லை. மனவடுப் படிவத்தில் ஊரே மனமுடைந்திருந்தது. தொழில்முனைவோர் படிவத்தில் அதே கிழமை ஊரே உற்சாகமாக இருந்தது.

உதயரூபன் கதிரைமேல் ஏறி நின்று உண்மையைச் சொன்னான்.

“இதுல படகு இல்ல. எஞ்சின் இல்ல. வீடு இல்ல. இது ஒரு நோய் பத்தின ஆய்வு. ரத்தச் சோதன மட்டும்தான் தருவம்.”

சனம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கனகசிங்கம் பின்பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார். “ஆரம்பத்துல எல்லாரும் இப்பிடித்தான் சொல்ற. வீட்டுக்கும் இப்பிடித்தானே சொன்னாங்க.”

பதிவு தொடங்கியது. திரைச்சீலை கட்டித் தனியாகக் கேட்கவேண்டும் என்பது விதி. சீலைக்குப் பின்னால் பத்துப் பேர் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள்.

“கடந்த ஆறு மாசத்துல எத்தின ஆம்புளைகளோட?”

“முன்னால வந்தவன் எத்தின சொன்னவன்?”

“அது சொல்லக்கூடாது.”

“ஏழு!” என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

“எனக்கு எட்டுப் போடுங்க.”

“ஆணுறை பாவிக்கிறீங்களா?”

“பாவிச்சா ஆபத்துக் கூடவா, குறையவா?”

“குறைய.”

“அப்ப பாவிக்கல்ல.”

“நீராவிக் குளியலகம்?”

“அது என்ன சாமான்?”

“ஆவியில குளிக்கிற இடம்.”

“கிழமைக்கு ரெண்டு தரம். இதுக்குத் தனியாத் தருவீங்களா?”

வெளியே மனைவிமாருக்குள் தர்க்கம் வந்தது. “என்னகா உன்ட மனிசன் எட்டெண்டு சொல்லிட்டாராமே, என்ட மனிசனுக்கு வாய் இல்ல, மூண்டோட வந்து நிக்கார்” என்று ஒருத்தி குறைப்பட்டாள். புருஷனைக் கடல் கொண்டுபோன ஒரு பெண் அவரது பழைய அடையாள அட்டையை நீட்டி, அவரையும் பதியச் சொன்னாள். உயிரோடு இல்லாதவரைப் பதிய முடியாது என்று உதயரூபன் சொன்னான். “உசிரோட இரிந்திரிந்தா அவர் ஓம் எண்டுதான் சொல்லியிரிப்பார் தம்பி” என்று அவள் அட்டையை மடியில் செருகிக்கொண்டு போனாள்.

மத்தியானத்துக்குள் உதயரூபன் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டான். கேள்வி முடியுமுன்பே ஓம் என்றவர்கள் எல்லோரும் பொய். இரண்டு பேர் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, சீலைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் இல்லை என்றார்கள். வினாக்கொத்தில் அந்தத் தயக்கத்தைக் குறிக்க இடமில்லை. அந்த இருவருக்கும் கிளினிக்கின் இடத்தையும் கிழமையையும் எழுதி, வேறு கடதாசிகளோடு சேர்த்துக் கொடுத்தான்.

இரண்டு மணிபோலப் பிரஷாந்தி வந்தாள். ஒரு கை இடுப்பில், மறு கையால் தங்கராசாவின் சேட்டுக் கையைப் பிடித்திருந்தாள்.

“ஊரிலுள்ள ஆம்புள எல்லாம் பதிஞ்சாச்சி. இவர் மட்டும் மாட்டன் எண்டு கொட்டிலுக்குள்ள படுத்துக் கிடக்கார்.”

“ஏன்டா, தீர்மானத்த மீறப்போறியா?” என்று கனகசிங்கம் சத்தமிட்டார்.

“நான் அப்பிடி ஆள் இல்ல” என்றான் தங்கராசா.

மண்டபம் சிரித்தது. “நாங்க மட்டும் அப்பிடியா? ஓம் எண்டு சொல்லிட்டுப் போவன். இவர் மட்டும் பெரிய சுத்தம்!”

எழுபத்திரண்டு பேர் தங்கராசாவைப் பார்த்தார்கள். நேற்றுவரை அந்த ஊரில் ஓம் என்கிற ஒருவன்தான் கண்ணில் படுவான். இன்றைக்கு இல்லை என்கிறவன்தான் தனியாகத் தெரிந்தான். தங்கராசா சீலைக்குள் வந்து உதயரூபனுக்கு எதிரே இருந்தான். உதயரூபன் தாளைப் பார்த்துக்கொண்டே வாசித்தான்.

“கடந்த ஆறு மாசத்துல எத்தின ஆம்புளைகளோட?”

தங்கராசா சீலைப் பக்கம் ஒருதரம் பார்த்தான்.

“ஒண்டு.”

“டேய் மடையா!” சீலைக்குப் பின்னாலிருந்து கனகசிங்கம் துடித்தார். “ஒண்டுக்கு என்னடா தருவான்? கூட்டிச் சொல்லு!”

“ஒண்டுதான்” என்றான் தங்கராசா.

உதயரூபன் பெட்டிக்குள் 1 என்று எழுதினான். அது பெட்டிக்கு வெளியே போய்விட்டது. கடைசிக் கேள்விக்குப் போனான். “ரத்தப் பரிசோதனைக்குச் சம்மதமா? மனிசிக்கும் சேத்து.”

“எல்லாரும் எடுக்காங்களா?”

“எல்லாரும்.”

“அப்ப எடுப்பம்.”

டொக்டர் ஸாலிஹாவுக்குத் தொலைபேசியில் சொன்னான்.

“எழுவத்திமூண்டு பேரா? ஒரே ஊர்ல?”

“ஓம் டொக்டர். பொண்டில்மாரும் வருவாங்க. குடும்ப அட்டையில இரிக்கிற எல்லாரும் வரோணும் எண்டு அவங்களே முடிவெடுத்திட்டாங்க.”

“விளங்கிட்டு. வியாழக்கிழம நான் வாறன். பொய் சொன்னவன்ட ரத்தத்தையும் பாக்கலாம்தானே.”

வியாழக்கிழமை டொக்டர் இரண்டு தாதிமாரோடு மட்டக்களப்பிலிருந்து வந்து மண்டபத்தில் மேசை போட்டார். ஒவ்வொருவரிடமும், இது இன்ன சோதனை, இதற்குப் படகு கிடையாது, விருப்பமில்லாவிட்டால் எழும்பிப் போகலாம் என்று நூற்றுச் சொச்சம் தரம் சொன்னார். ஒருவரும் எழும்பவில்லை. பேருக்குப் பதிலாக இலக்கம். அடுத்த வியாழன் அந்த இலக்கத்தைக் கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போய் முடிவைக் கேட்டார்கள். பெரும்பாலானோர் சுகதேகிகள் என்று அறிந்து முகம் தொங்கிப்போய் வந்தார்கள். “எனக்கு ஒண்டுமில்லையாம்” என்று கனகசிங்கமே கவலையாகச் சொன்னார்.

தங்கராசாவும் பிரஷாந்தியும் உள்ளே போய்க் கனநேரம். முதலில் தங்கராசா வந்தான். வலது காலை இழுத்து இழுத்து நடந்து, இருக்கப்போய், இருக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த ஊசி போட்டவனின் நடையை உதயரூபன் நன்றாக அறிவான். பின்னால் பிரஷாந்தி வந்தாள், அவளும் அதே நடை. அவள் எவரையும் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்த நடையோடு இன்னும் மூன்று பேர் மண்டபத்திலிருந்து போனார்கள். படகு கிடைத்த அதிர்ச்சி என்று மற்றவர்கள் நினைத்திருக்கக்கூடும்.

ஆய்வறிக்கை கொழும்பை உலுக்கியது. ஒரு கிராமத்தின் ஆண்களில் ஏறக்குறைய அனைவரும் அதியுயர் ஆபத்துப் பிரிவு என்பது ஒன்பது நாடுகளிலும் கேள்விப்படாத முடிவு. எழுபத்துமூவரில் நாற்பத்தொருவர் கிழமைக்கு இரண்டு தடவை நீராவிக் குளியலகம் செல்வதால், வெண்ணாவல்முனையின் நீராவிக் குளியலகங்களை ஒழுங்குபடுத்த உடனடி நடவடிக்கை வேண்டும் என்பது நிபுணரின் முதலாவது பரிந்துரை. அழகரத்தினம் கொழும்பில் மேடையேறி, இந்தப் பிரச்சினை எமது மாவட்டத்தில் உண்டு என்பதைத் தாம் ஆரம்பத்திலிருந்தே வலியுறுத்தி வந்ததாகச் சொன்னார். ஊருக்குத் திட்டத்தின் பெயர் பொறித்த தொப்பி ஆளுக்கொன்று வந்தது. “போன முற வாளி, இந்த முற தொப்பி. முன்னேற்றந்தான்” என்று கனகசிங்கம் அதைப் போட்டுக்கொண்டு தோணியேறினார்.

இரண்டாவது ஊசிக்கு மட்டக்களப்புக் கிளினிக்குக்கே போகவேண்டும். தங்கராசா போவானா என்று பார்க்க உதயரூபன் காலையிலேயே மோட்டார்சைக்கிளில் வந்தான். பஸ் நிற்கிற இடத்தில் பிரஷாந்தி நின்றாள். பத்தடி தள்ளி, மதகுக் கட்டில் தங்கராசா ஒருபக்கமாக இருந்தான். அவன் உதயரூபனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“டொக்டர் எல்லாம் சொன்னவ அண்ணன்” என்றாள் பிரஷாந்தி.

“எதெல்லாம்?”

“புள்ளைக்கு என்ன நடக்கும் எண்டு. மூண்டு ஊசியும் போட்டா நடக்காது எண்டும் சொன்னவ. கடைசி ஊசிக்கும் புள்ள பொறக்கிறதுக்கும் இடையில ஆறு கிழம இரிக்காம். காணுமாம்.”

“ஓம். காணும்.”

“எங்கால வந்த எண்டு நான் கேக்கல்ல. அவவும் சொல்லல்ல.” அவள் பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி பேசினாள். “இவர் ஒண்டு எண்டு சொன்னதக் கனகசிங்கண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சித் திரியிறார். வாய்க்கு வந்ததச் சொல்ற ஆக்கள் ஏழு சொல்லுவாங்க, எட்டுச் சொல்லுவாங்க. ஒண்டு எண்டு ஆரும் சொல்ல மாட்டாங்க.”

உதயரூபன் ஹெல்மெட்டின் பட்டியைக் கழற்றினான், திரும்பவும் பூட்டினான்.

“ராவு முழுக்க யோசிச்சன்” என்றாள். “அம்மா வீட்ட போவமா எண்டும் யோசிச்சன். இப்ப அதுக்கு நேரமில்ல. முதல்ல இந்த ஊசி முடியோணும். இவர் நோகுது, வரமாட்டன் எண்டு நிக்கார். இவ்வளவு தூரம் நான்தான் இழுத்துட்டு வந்தன். இதுக்கு மேல எனக்கு ஏலாது. நீங்களும் வாங்க. நீங்க சொன்னாக் கேப்பார்.”

“என்ட மோட்டசைக்கிள்...”

“மண்டபத்துல உட்டுட்டு வாங்க. பஸ் வருது.”

அவன் ஓடிப்போய் விட்டுவிட்டு வரும்வரை பிரஷாந்தி ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தாள். சாரதி ஹோர்ன் அடித்துப் பார்த்து, வயிற்றைப் பார்த்து, அடிப்பதை விட்டான். மூவர் இருக்கும் சீட் ஒன்றில் அவள் யன்னலோரம் இருந்தாள். தங்கராசா நடுவில் ஒருபக்கமாகச் சரிந்து இருந்தான். ஓரத்தில் மிஞ்சிய இடத்தில் உதயரூபன் இருந்தான். காயான்கேணிப் பாலம் வந்தது. பாலம் தாண்டிய பிறகு கொண்டக்டர் வந்து நின்றான்.

“எங்க? எத்தின பேர்?”

தனக்கு மட்டும் டிக்கட் கேட்க உதயரூபன் வாயெடுத்தான். அதற்குள் பிரஷாந்தி யன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

“மட்டக்களப்பு. மூண்டு.”